எதிலிருந்து எத்தனை: அந்தமான் மக்கள்தொகையும் விழுக்காட்டுக் கணக்கும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மக்கள்தொகை 1951-க்கும் 1961-க்கும் இடையில் 105.19 விழுக்காடு உயர்ந்தது என்றும், 2001-க்கும் 2011-க்கும் இடையில் 6.86 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது என்றும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகள் கூறுகின்றன. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர், தீவுகள் ஒரு காலத்தில் மளமளவெனப் பெருகிப் பின்னர் அடங்கிவிட்டன என்று முடிவு கட்டுவது இயல்பே. அந்த முடிவில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும் 105 என்பது எத்தனை மனிதர்கள், 6.86 என்பது யாரைச் சேர்த்து யாரை மறைக்கிறது என்னும் வினாக்களுக்கு விழுக்காடு தானாக விடை சொல்வதில்லை. ஏற்ற இறக்கங்களை விழுக்காட்டில் கணக்கிடும் முறையையும் அதில் நேரும் பிழைகளையும் விளக்குவதற்கு இத்தீவுகளைவிடத் தெளிவான களம் இந்தியாவில் அரிது. இங்கே எண்கள் சிறியவை, ஏற்றங்கள் பெரியவை, சில இறக்கங்கள் கொடியவை.

முதலில் முறையைப் பார்க்கலாம். பேச்சில் சதவீதம் என்று வழங்கும் விழுக்காடு, நூறு பங்கில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் அளவு. ஒரு மதிப்பு மாறும்போது, பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அதைப் பழைய மதிப்பால் வகுத்து, நூறால் பெருக்கினால் மாற்றத்தின் விழுக்காடு கிடைக்கும். அந்தப் பழைய மதிப்பே அடிப்படை எண் எனப்படுகிறது. 1951-இல் தீவுகளில் 30,971 பேர் இருந்தனர். 1961-இல் 63,548 பேர். வேறுபாடான 32,577-ஐ 30,971-ஆல் வகுத்தால் 1.0519, நூறால் பெருக்க 105.19. இறக்கத்துக்கும் இதே வழிதான். 1941-இல் 33,768-ஆக இருந்த எண் 1951-இல் 30,971-ஆகச் சுருங்கியது. குறைந்த 2,797-ஐ 33,768-ஆல் வகுத்தால் 8.28 விழுக்காட்டுக் குறைவு கிடைக்கிறது. அவசரத்தில் புதிய எண்ணால் வகுத்துவிட்டால் 9.03 என்று தவறான விடை வரும். ஏற்றமோ இறக்கமோ, எந்த நிலையிலிருந்து மாற்றம் தொடங்கியதோ அந்த நிலையே வகுக்கும் எண்ணாக நிற்க வேண்டும் என்பது இக்கணக்கின் முதல் விதி.

அந்த 8.28 விழுக்காட்டுக்குள் அடங்கிக் கிடப்பது சிறிய வரலாறன்று. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைக் கைப்பற்றி 1945 அக்டோபர் வரை வைத்திருந்தது. அப்போது பட்டினியாலும் சித்திரவதையாலும் மாண்டோர் பலர். போர் முடிந்ததும், 1858 முதல் இயங்கிவந்த தண்டனைக் குடியிருப்பு கலைக்கப்பட்டு, கைதிகளில் ஒரு பகுதியினர் பெருநிலத்துக்குத் திரும்பினர். இறந்தோர், போனோர் ஆகியோரின் கூட்டுத்தொகையிலிருந்து பிறந்தோர், வந்தோர் ஆகியோரைக் கழித்த பின் எஞ்சுவதே அந்த 2,797. புள்ளியியலார் இதை நிகர மாற்றம் என்பர். மக்கள்தொகை அட்டவணையில் உள்ள ஒவ்வொரு விழுக்காடும் இத்தகைய நிகர எண்ணிலிருந்து பிறப்பதால், சிறிய விழுக்காட்டுக்குப் பின்னால் பெரிய கொந்தளிப்பு ஒளிந்திருக்கக்கூடும்.

இதே கணக்கைப் பெருக்கல் வழியாகவும் செய்யலாம். நீண்ட காலத் தொடர்களைக் கையாள அதுவே ஏற்றது. புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்தால் கிடைப்பதைப் பெருக்குக் காரணி என்று கொண்டால், 105.19 விழுக்காட்டு உயர்வு என்பது 2.0519 என்ற காரணியாகவும், 8.28 விழுக்காட்டுக் குறைவு என்பது 0.9172 என்ற காரணியாகவும் அமையும். ஒன்றுக்கு மேற்பட்டது ஏற்றம், ஒன்றுக்குக் குறைந்தது இறக்கம். நூறு விழுக்காட்டு உயர்வு என்றால் இரட்டிப்பு என்பதும், இருநூறு விழுக்காட்டு உயர்வு என்றால் மும்மடங்கு என்பதும் இவ்வழியில் தாமே விளங்கும். செய்தித்தாள்களில் இருநூறு விழுக்காட்டு உயர்வை இரு மடங்கு என்று எழுதும் வழக்கம் ஏனோ இன்னும் ஒழியவில்லை.

1951-க்குப் பின் வந்த அரை நூற்றாண்டு இக்காரணிகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் 1949 முதல் காடு திருத்திக் குடியமர்த்தப்பட்டன. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கும் சாலை வேலைக்கும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினரும் இங்கு அனுப்பப்பட, அவர்களுள் இலங்கையிலிருந்து வந்தோர் சிலர் நிக்கோபார் வட்டாரத்துக் கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறினர். மக்கள்தொகை 1971-இல் 1,15,133 ஆகவும், 1981-இல் 1,88,741 ஆகவும், 1991-இல் 2,80,661 ஆகவும், 2001-இல் 3,56,152 ஆகவும் ஏறியது. பத்தாண்டு வளர்ச்சி விழுக்காடு மட்டும் 105.19, 81.17, 63.93, 48.70, 26.90 என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தது. இந்த இறங்குவரிசையைப் பார்த்துக் குடியேற்றம் குறைந்துகொண்டே வந்தது என்று சொல்பவர் ஏமாந்துபோவார். கூடிய மனிதர்களின் எண்ணிக்கை முதற் பத்தாண்டில் 32,577, அடுத்ததில் 51,585, அதற்கடுத்து 73,608, 1981-க்கும் 1991-க்கும் இடையில் 91,920. ஆக, விழுக்காடு பாதிக்கும் கீழே இறங்கிய அதே காலத்தில் ஆண்டுதோறும் கூடிய மக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகியது. அடிப்படை எண் பெருத்துவிட்டால் அதே அளவு உயர்வு சிறிய விழுக்காடாகத் தெரியும் என்பதைத் தவிர இதில் புதிர் ஏதுமில்லை. குடிநீரையும் கப்பல் இருக்கைகளையும் பள்ளி வகுப்பறைகளையும் திட்டமிடும் அதிகாரிக்கு வேண்டியது 91,920 என்ற எண்ணே; 48.70 அவருக்கு அவ்வளவாகப் பயன்படாது.

ஐந்து பத்தாண்டுகளின் விழுக்காடுகளையும் கூட்டினால் 325.89 வருகிறது. உண்மையான உயர்வோ 1951-இன் 30,971-இலிருந்து 2001-இன் 3,56,152 வரை, அதாவது 1,050 விழுக்காடு. கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு பத்தாண்டின் விழுக்காடும் வெவ்வேறு அடிப்படை எண்ணின் மேல் நிற்பதுதான், 26.90 என்பது 2,80,661-இன் பங்கு, 30,971-இன் பங்கு அன்று. காரணிகளைப் பெருக்கினால் மட்டுமே, அதாவது 2.0519, 1.8117, 1.6393, 1.4870, 1.2690 ஆகியவற்றைத் தொடர்ந்து பெருக்கினால், சரியான 11.5 மடங்கு கிடைக்கும். தொடர்ந்து வரும் விழுக்காட்டு மாற்றங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன என்பதே இரண்டாம் விதி.

ஆண்டுச் சராசரி காணும்போதும் இதே குழப்பம் வேறு உருவில் வருகிறது. 1,050-ஐ ஐம்பதால் வகுத்து ஆண்டுக்கு 21 விழுக்காடு என்று சொல்லிவிட்டால், அந்த வேகத்தில் 30,971 பேர் ஐம்பது ஆண்டுகளில் சுமார் 42 கோடியே 68 லட்சம் பேராகியிருக்க வேண்டும். 1961-இல் இந்தியா முழுவதன் மக்கள்தொகையே ஏறத்தாழ 43.9 கோடிதான். வட்டிக்கு வட்டி சேர்வதுபோல் ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் அடுத்த ஆண்டின் அடிப்படையோடு சேர்ந்துகொள்வதால், உண்மையான ஆண்டு வீதம் கூட்டு வட்டிக் கணக்கில் காணப்பட வேண்டியது. 11.5 மடங்கின் ஐம்பதாம் படி மூலத்தைக் கண்டால் 1.05 வருகிறது, அதாவது ஆண்டுக்கு 5 விழுக்காடு. ஆண்டுக்கு ஐந்து என்பது காதுக்கு எளிமையாகத் தோன்றினாலும், மக்கள்தொகை வரலாற்றில் அது மிக உயர்ந்த வேகம். பிறப்பால் மட்டும் அதை எட்டவே முடியாது.

இறக்கத்தின் கணக்கு இதைவிட நுட்பமானது. அதைக் கற்பிக்கும் எண்கள் தீவுகளின் பூர்வகுடிகளுடையவை. ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் 1858-இல் தண்டனைக் குடியிருப்பை நிறுவியபோது, அப்பூர்வகுடிகளுள் ஒரு பிரிவினரான கிரேட் அந்தமானியர் எத்தனை பேர் இருந்தனர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. 3,500 முதல் 5,000 வரை என்று மதிப்பிடுவதுண்டு. 1877-இல் பரவிய தட்டம்மையும், வெளியார் கொண்டுவந்த மேகநோய் முதலிய பிற நோய்களும் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றன. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர், 1911-இல் 455, 1921-இல் 209, 1931-இல் 90. இக்குறைவுகளின் விழுக்காடு முறையே 27.2, 54.1, 56.9. மூன்றையும் கூட்டினால் 138.2 விழுக்காட்டுக் குறைவு என்று வரும்; அது அபத்தம், ஏனெனில் நூறு விழுக்காடு குறைந்தாலே ஒருவரும் மிஞ்சியிருக்க முடியாது. ஏற்றத்துக்கு மேல் எல்லை கிடையாது, இறக்கத்துக்கோ நூறே எல்லை. 625-இலிருந்து 90 வரையிலான உண்மைக் குறைவு 85.6 விழுக்காடு.

1961-இல் அவர்கள் பத்தொன்பது பேர். 625-இலிருந்து 19 என்பது 96.96 விழுக்காட்டுக் குறைவு. இனி எதிர்த்திசையில் கணக்கிட வேண்டும்: பத்தொன்பது பேர் மீண்டும் 625 பேராக வேண்டுமானால் எத்தனை விழுக்காடு உயர வேண்டும்? 96.96 என்று சொல்லத் தோன்றும். ஆனால் பத்தொன்பதில் 96.96 விழுக்காடு கூடினால் முப்பத்தேழு பேர்தான். கூட வேண்டிய 606 பேரை இப்போதைய அடிப்படையான 19-ஆல் வகுத்தால் 3,189 விழுக்காடு வருகிறது. இழப்பின் விழுக்காடும் மீட்பின் விழுக்காடும் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. இழப்பு ஆழமாக ஆழமாக அவற்றுக்கிடையிலான பிளவு விரிந்துகொண்டே போகிறது. 1858-இன் எண் 3,500 என்று கொண்டால் 1961 வரையிலான குறைவு 99.46 விழுக்காடு, 5,000 என்று கொண்டால் 99.62 விழுக்காடு. இரு மதிப்பீடுகளுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு மனிதர்கள் இருக்க, விழுக்காட்டிலோ 0.16 மட்டுமே வேறுபாடு. குறைவு நூறை நெருங்கும் இடத்தில் விழுக்காடு ஏறக்குறைய ஊமையாகிவிடுகிறது. அங்கே தலைகளை எண்ணிச் சொல்வதுதான் நேர்மை.

சிறிய அடிப்படை எண் எதிர்ப்புறமும் ஏமாற்றும். 1971-இல் அவர்களின் எண் 24 ஆனது. ஐந்து பேர் கூடியதை 26.3 விழுக்காட்டு வளர்ச்சி என்று எழுதலாம், கணக்கில் பிழையும் இராது. 2001-இல் 43, 2011-இல் 44. ஒரே ஒருவர் கூடியது 2.3 விழுக்காடு. வடக்கு சென்டினல் தீவின் நிலை இன்னும் விந்தையானது. 2001-இல் 39 என்றும் 2011-இல் 15 என்றும் சென்டினலியர் பதிவாகியிருக்கின்றனர். கால்குலேட்டரைத் தட்டினால் 61.5 விழுக்காட்டுக் குறைவு. ஆனால் யாரும் கரையிறங்கி அவர்களை எண்ணியதில்லை. தொலைவில் நின்ற படகிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தோர் மட்டுமே அந்த எண்கள். காட்டுக்குள் இருந்தவர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பாளர் அறியார். இத்தகைய இரு எண்களுக்கிடையில் தசமப் புள்ளியோடு விழுக்காடு போடுவது கணிதத்தின் உருவில் வரும் வதந்தியே.

மீண்டும் அந்த 6.86-க்கு வரலாம். 2001-இன் 3,56,152 பேர் 2011-இல் 3,80,581 பேரானதே அந்த உயர்வு. தெற்கு அந்தமான் மாவட்டம் 2,08,471-இலிருந்து 2,38,142 ஆக, 14.23 விழுக்காடு வளர்ந்தது. வடக்கு, நடு அந்தமான் மாவட்டம் 1,05,613-இலிருந்து 1,05,597 ஆக, வெறும் பதினாறு பேர் குறைந்து, ஏறக்குறைய அசையாமல் நின்றது. நிக்கோபார் மாவட்டம் 42,068-இலிருந்து 36,842 ஆக, 12.42 விழுக்காடு சரிந்தது. (வடக்கு, நடு அந்தமான் 2006-இல்தான் தனி மாவட்டமானது என்பதால், 2001-இன் எண்ணும் புதிய எல்லைக்கேற்பப் பிரித்துத் தரப்பட்டது, எல்லை மாறினால் அடிப்படை எண்ணையும் மாற்றியாக வேண்டும்.) இம்மூன்று விழுக்காடுகளின் எளிய சராசரி 0.6-தான் வருகிறது, 6.86 வரவில்லை. ஏனெனில் தெற்கு அந்தமானின் விழுக்காடு இரண்டு லட்சம் பேரின் தலைமேலும், நிக்கோபாரின் விழுக்காடு நாற்பத்திரண்டாயிரம் பேரின் தலைமேலும் நிற்கிறது. ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் அதன் அடிப்படை எண்ணின் அளவுக்கு எடை தந்தால்தான் 6.86 கிடைக்கும், அதன் பெயர் எடையிட்ட சராசரி. எடையிட்ட சராசரி கணக்கில் சரியானதே, ஆனால் அதே எடை நிக்கோபாரின் துயரத்தைத் தெற்கு அந்தமானின் வளர்ச்சிக்கு அடியில் புதைத்தும் விடுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் கச்சலையும் திரெசாவையும் அழித்ததும், நிலமே பல இடங்களில் கடலுக்குள் தாழ்ந்ததும், உயிர் பிழைத்தோரில் பலர் வெளியேறியதும் அந்த 12.42-இன் பின்னணி. அங்கும் அதே கணக்குதான்: மாவட்டம் 42,068-ஐ மீண்டும் எட்டுவதற்கு 36,842-இலிருந்து 14.18 விழுக்காடு உயர வேண்டும். 1991-இல் நிக்கோபாரில் 39,208 பேர். 2001 வரையில் 7.29 விழுக்காடு ஏறி, பின்னர் 12.42 விழுக்காடு இறங்கியது. ஏற்றத்தை இறக்கத்திலிருந்து கழித்து இருபதாண்டில் 5.13 விழுக்காட்டுக் குறைவு என்பவர் தவறுகிறார். 39,208-இலிருந்து 36,842 என்பது 6.03 விழுக்காட்டுக் குறைவு.

இங்கே ஒரு சிறு தகவலையும் குறிப்பிடலாம். சில நூல்களில் தீவுகளின் 2011 வளர்ச்சி 6.68 என்றும் சிலவற்றில் 6.86 என்றும் காணப்படுகிறது. அச்சுக்கோப்பவர் எண்களை இடம்மாற்றிவிட்டார் என்று ஐயுற வேண்டாம். முதலில் வெளியான தற்காலிக எண் 3,79,944, இறுதி எண் 3,80,581. இரண்டுக்கும் உரிய விழுக்காடுகள் தற்செயலாக ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்ததுபோல் அமைந்துவிட்டன. 2011-இன் எண்ணும் 6.86 என்ற உயர்வும் தெரிந்து 2001-இன் எண்ணை மீட்க விரும்புவோர், 3,80,581-இலிருந்து 6.86 விழுக்காட்டைக் கழித்தால் ஏறத்தாழ 1,700 பேர் குறைவாகக் காண்பர், 1.0686-ஆல் வகுப்பதே முறை. சரக்குச் சேவை வரி சேர்ந்த விலையிலிருந்து வரியில்லா விலையைக் காண்பதும் இதே வகுத்தல்தான்.

விழுக்காட்டில் தரப்பட்ட அளவே மாறும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. தீவுகளில் ஏழும் அதற்கு மேலும் வயதுடையோரின் எழுத்தறிவு 2001-இல் 81.30 விழுக்காடு, 2011-இல் 86.63 விழுக்காடு. இங்கே வேறுபாடு 5.33 விழுக்காட்டுப் புள்ளிகள். இரு விழுக்காடுகளை நேராகக் கழித்துப் பெறும் அளவுக்கு அப்பெயர். அதையே 81.30-ஆல் வகுத்தால் 6.56 விழுக்காட்டு உயர்வு. எழுதப் படிக்கத் தெரியாதோரின் பங்கு 18.70-இலிருந்து 13.37-ஆகக் குறைந்ததாகப் பார்த்தாலோ 28.5 விழுக்காட்டுக் குறைவு. மூன்றும் ஒரே நிகழ்வைக் கூறுகின்றன, மூன்றும் சரி. எதை மேடையில் முழங்குவது, எதை அறிக்கையின் அடிக்குறிப்பில் ஒளிப்பது என்பது பேசுபவரின் நோக்கத்தைப் பொறுத்தது. தமிழைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் 2001-இல் ஏறத்தாழ 63,000 பேர், தீவு மக்களில் 17.7 விழுக்காடு, 2011-இல் ஏறத்தாழ 58,000 பேர், 15.2 விழுக்காடு. எண்ணிக்கையில் குறைவு சுமார் 8 விழுக்காடு. பங்கில் குறைவு 2.5 புள்ளிகள், அதாவது 14 விழுக்காடு. மொத்த மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்ததால், பங்கு எண்ணிக்கையைவிட வேகமாகத் தேய்ந்தது.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1 அதன் குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வரப்போகும் வளர்ச்சி விழுக்காடு பத்தாண்டுக்குரியதாக இராமல் பதினாறு ஆண்டுக்குரியதாக இருக்கும். பழைய அட்டவணையின் கடைசி வரிசையில் அதை அப்படியே ஒட்டினால் ஒப்பீடு கெடும். 2001 முதல் 2011 வரை ஆண்டு வீதம் 0.67 விழுக்காடுதான், அதே வேகம் பதினாறு ஆண்டுகள் நீடித்தால் உயர்வு 11.2 விழுக்காடாகவும் மக்கள்தொகை ஏறத்தாழ 4,23,000 ஆகவும் இருக்கும். 6.86, 11.2 ஆகிவிட்டது, வளர்ச்சி வேகம் பிடித்துவிட்டது என்று அப்போது எழுதினால் அது பிழை. வேகம் மாறவேயில்லை, காலந்தான் நீண்டது. வீதம் சிறியதாக இருப்பதால் 6.86-ஐ 1.6-ஆல் பெருக்கிப் பெறும் 10.98-கூட உண்மைக்கு அருகிலேயே நிற்கிறது. ஐம்பதுகளின் வேகத்துக்கு இக்குறுக்குவழி உதவாது, அங்கே 168 விழுக்காடு என்று காட்டும் இடத்தில் சரியான விடை 216.

நிக்கோபார் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு பேச்சுக்கு அங்கே 2027-இல் 40,000 பேர் என்று வைத்துக்கொண்டால், 2011-ஐ அடிப்படையாகக் கொள்பவர் 8.57 விழுக்காட்டு உயர்வு என்பார், ஆழிப்பேரலைக்கு முந்தைய 2001-ஐ அடிப்படையாகக் கொள்பவர் 4.92 விழுக்காட்டுக் குறைவு என்பார். அரசு அட்டவணை வழக்கப்படி முதலாவதை மட்டுமே அச்சிடும், இரண்டாவதைப் படிப்பவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.